வியூகமும் செயலாக்கமும்: கெடா தோட்டங்கள் தரும் நிர்வாகப் பாடம்

முன்னுரை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக்களம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் அங்குக் கூடுவர். பெயர்கள் கூப்பிடப்படும். இன்று யாருக்கு எந்த நிரை, யாருக்கு எந்த வேலை என்பதைத் தண்டல் சொல்லுவார். சில நிமிடங்களில் எல்லாரும் கலைந்துவிடுவர். ஆனால், ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டங்கள் யாவும் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் வந்து சேர வேண்டும். லண்டனிலோ கோலாலம்பூரிலோ இயக்குநர்கள் கூடி எடுத்த முடிவு, தண்டலின் வாயிலிருந்து எப்படி வெளிவருகிறதோ அதுவே அன்றைக்கு அந்த நிறுவனத்தின் கொள்கை ஆகிவிடுகிறது.

ஒரு நிறுவனத்தின் வியூகமும் அதன் அன்றாடச் செயலும் ஒரே திசையில் செல்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை விளக்க வெளிநாட்டுப் பெருநிறுவனங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் முன்னோர் கடாரம் என்று அழைத்த கெடா மாநிலத்திலேயே அதற்கு ஏற்ற ஒரு வரலாறு இருக்கிறது.

1. புக்கிட் சிடிம்: ஒரு வியூகம் பிறந்த கதை

1950களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. நாடு விடுதலையை நோக்கி நகர்ந்த அக்காலத்தில் ஐரோப்பிய உரிமையாளர்கள் சிலர் தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறினர். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து மறுபடியும் விற்று இலாபம் கண்டனர். சிறு நிலத்தை வாங்கியவருக்கு அத்தனை தொழிலாளர்கள் தேவைப்படவில்லை. வேலை போனதும் வீடும் போனது. ஏனென்றால் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் கோவிலும்கூட நிலைகுலைந்தன. இச்சிக்கலின் கடுமை காரணமாக, 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் விரிவாக ஆய்வு செய்தார்.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டு துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவர் அமைச்சராகவும் மலாயா இந்தியக் காங்கிரசின் தலைவராகவும் இருந்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பத்து வெள்ளி கேட்டார். விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கிவிட்டால் அதைத் துண்டாட யாராலும் முடியாது என்பதே அவர் சொன்ன செய்தி. 1961இல் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டமாகும்.

நிர்வாகவியல் கண்ணோடு பார்த்தால் இது மிகத் தெளிவான ஒரு வியூகம். நோக்கம் ஒன்று: தொழிலாளியின் வேலையையும் வீட்டையும் காப்பது. வழி ஒன்று: நிலத்தின் உடைமையைப் பெறுவது. இதைப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதனால்தான் பத்துப் பத்து வெள்ளியாகப் பணம் சேர்ந்தது.

ஆனால், தோட்டத்தை வாங்கிய மறுநாள் காலையிலும் பெரட்டு நடக்கும். மரம் வெட்ட வேண்டும். பால் சேர்க்க வேண்டும். சம்பளம் போட வேண்டும். வாங்குவது ஒரு நாள் வேலை. வாங்கியதைத் தக்க வைப்பது முப்பது ஆண்டு வேலை. செயலாக்கம் என்ற சிக்கல் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

2. இரண்டு சொற்களின் பொருள்

வியூகம் என்பது எங்கே போகிறோம், எந்த வழியாகப் போகிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்ற தெரிவு. செயலாக்கம் என்பது அந்தத் தெரிவு ஒவ்வொரு மனிதரின் அன்றாட வேலையாக மாறுவது. திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, தெரிந்து வினையாடல், வினைத்திட்பம், வினை செயல்வகை எனத் தனித்தனி அதிகாரங்கள் அமைத்திருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். ஆராய்ந்து முடிவெடுப்பது, தக்கவரிடம் பணியை ஒப்படைப்பது, மனவுறுதியோடு நிற்பது, செய்து முடிப்பது ஆகிய நான்கும் வேறு வேறு திறன்கள் என்பதை அந்தப் பகுப்பே காட்டிவிடுகிறது.

மேலைநாட்டு அறிஞர்களும் இதே பகுப்பைக் கையாண்டனர். பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு நிலையில் உள்ள மேலாளரும் தம் குறிக்கோளை நிறுவனத்தின் குறிக்கோளிலிருந்து பெற வேண்டும் என்றார். ஆல்பிரட் சாண்ட்லர் 1962இல், வியூகம் மாறினால் நிறுவனத்தின் அமைப்பும் அதற்கேற்ப மாற வேண்டும் என்று அமெரிக்க நிறுவனங்களின் வரலாற்றைக் கொண்டு நிறுவினார். புக்கிட் சிடிம் வாங்கப்பட்டதும் ஏறத்தாழ அதே காலம்தான்.

3. மேல்மட்டத்தில் ஏற்படும் பிளவு: மறுநடவுக் கணக்கு

வியூகமும் செயலும் பிரியும் முதல் இடம் பெரும்பாலும் மேலேயே இருக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக 3,000 ஏக்கர் கொண்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். மரத்தின் பயன்தரும் சுழற்சி நட்டது முதல் 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் 100 ஏக்கரை வெட்டி மறுநடவு செய்ய வேண்டும். நட்ட கன்று பால் தர ஏறத்தாழ 6 ஆண்டுகள் ஆகும். ஆகவே, எந்த ஆண்டை எடுத்தாலும் 600 ஏக்கர், அதாவது தோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு, வருமானம் தராமல் செலவு மட்டுமே வைத்துக்கொண்டிருக்கும். நீண்ட காலம் நிலைக்க விரும்பும் தோட்டம் இந்தச் செலவை ஏற்றே ஆக வேண்டும்.

இப்போது ரப்பர் விலை வீழ்ந்த ஓர் ஆண்டில் ஆண்டுக்கூட்டம் நடக்கிறது என்று கொள்வோம். உறுப்பினர்கள் இலாப ஈவு கேட்பார்கள். அதில் தவறில்லை. மறுநடவை ஓராண்டு தள்ளிவைத்தால் அந்த ஆண்டின் செலவு குறையும். கணக்கேட்டில் இலாபம் கூடியதாகத் தெரியும். யாருக்கும் வலிக்காது. இப்படியே பத்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால், 1,000 ஏக்கரில் வயதான மரங்கள் ஒரே நேரத்தில் நிற்கும். அப்போது மறுநடவுக்கு வேண்டிய பணமும் இருக்காது, அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டிய வருமானமும் இருக்காது. விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற பேச்சு எழும். துண்டாடலைத் தடுப்பதற்காகத் தொடங்கிய ஒரு முயற்சி, துண்டாடல் இல்லாமலேயே தோற்றுவிடும்.

இங்கே எவரும் வியூகத்தை எதிர்த்து வாக்களிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வியூகம் சுவரில் மாட்டியபடியே இருக்கிறது. வரவு செலவுத் திட்டம் மட்டும் வேறு திசையில் போய்விட்டது. எனவே, ஒரு நிறுவனத்தின் வியூகத்தை அறிய அதன் அறிக்கையைப் படிப்பதைவிட அதன் செலவுக் கணக்கைப் படிப்பது மேல் எனலாம்.

4. கீழ்மட்டத்தில் ஏற்படும் பிளவு: அரை மில்லிமீட்டர்

இரண்டாவது பிளவு பால்மரத்தின் பட்டையில் நிகழ்கிறது. விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஓடும். அந்த நேரத்தில் தொழிலாளி உளியால் மெல்லிய பட்டைச் சீவலை எடுக்கிறார். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடினால் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு காயப்பட்டு, மறுபட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அதுபோலவே சீவலின் தடிமனும் முக்கியம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில், ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போதும்.

ஆண்டுக்கு 150 தடவை வெட்டுவதாகக் கணக்கிடுவோம். ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் 225 மில்லிமீட்டர் பட்டை தீரும். இரண்டு மில்லிமீட்டர் வீதம் 300 மில்லிமீட்டர் தீரும். வெட்டும் பகுதியின் உயரம் 1.2 மீட்டர் என்றால், முதல் தொழிலாளியின் மரத்தில் அந்தப் பட்டை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வரும். இரண்டாமவரின் மரத்தில் நான்கே ஆண்டுகளில் முடிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர், ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்தைத் தின்றுவிடுகிறது. மரத்தின் வாழ்நாளை முப்பது ஆண்டு என்று இயக்குநர்கள் தாளில் எழுதலாம். அதை மெய்ப்பிப்பதும் பொய்ப்பிப்பதும் காலை ஆறு மணிக்கு உளி பிடித்திருக்கும் கைதான்.

அப்படியானால் அந்தக் கை எதற்காகச் சம்பளம் பெறுகிறது? பால் நிறுக்கப்படுகிறது, எடைக்கேற்பப் பணம் கூடுகிறது. பட்டையை மிச்சப்படுத்தியதற்குத் தராசு எதுவும் காட்டுவதில்லை. விலை உயர்ந்த நாள்களில் கொஞ்சம் அழுத்தி வெட்டுவது ஏழைக் குடும்பத்துக்கு இயல்பான தெரிவு. அதைத் தொழிலாளியின் பொறுப்பின்மை என்று முடித்துவிடுவது நிர்வாகத்தின் சோம்பல். 1975இல் ஸ்டீவன் கெர் என்ற அமெரிக்க அறிஞர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் சொல்கிறது: ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுக்கும் நிறுவனம், பரிசு கொடுத்ததைத்தான் பெறும்.

நல்ல தோட்டங்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது. ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை தீரலாம் என்பதற்கு மரத்திலேயே அடையாளம் இடுவார்கள். வெட்டுத் தரத்தைப் பார்வையிட்டு, காயம், தடிமன், சாய்வு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். எடையோடு பட்டையும் அளக்கப்படும். இன்றைய வரவையும் நாளைய மரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும் முறை இது.

5. பயிர் மாறினால் அளவுகோலும் மாற வேண்டும்

1960களுக்குப் பிறகு நாட்டின் தோட்டங்கள் பல ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின. கெடாவிலும் இம்மாற்றம் நடந்தது. செம்பனை ஏறத்தாழ மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கிவிடும். இது வியூக மாற்றம். ஆனால், புதிய பயிருக்குப் பழைய பழக்கத்தைப் பொருத்தினால் என்ன ஆகும்?

செம்பனையில் பணம் குலையில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. காயான குலையில் எண்ணெய் குறைவு. கனிந்து உதிரத் தொடங்கிய குலையை உடனே ஆலைக்கு அனுப்பாவிட்டால் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் கெடும். ஆகவே வெட்டுபவர், உதிரிப்பழம் பொறுக்குபவர், லாரி ஓட்டுநர், ஆலைக்காரர் ஆகிய நால்வரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். வெட்டுபவருக்குக் குலை எண்ணிக்கைக்கு மட்டும் கூலி என்றால் காயும் சேர்ந்து விழும். உதிரிப்பழத்துக்குத் தனிக் கூலி இல்லையென்றால் அது தரையிலேயே கிடக்கும். லாரி ஓட்டுநர் தாமதித்தால் முதல் இருவரின் உழைப்பும் வீண். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்ததாகக் கணக்கில் இருக்கும். எண்ணெய் மட்டும் இருக்காது. துறைகளுக்கிடையே ஒத்திசைவு என்று பாடநூல்கள் சொல்வது இதையே.

6. ஒன்றுபடுத்தும் வழிகள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து நான்கு வழிமுறைகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, வியூகத்தைத் தண்டலின் மொழியில் சொல்ல வேண்டும். 'நீடித்த உற்பத்தித் திறனை மேம்படுத்துதல்' என்பது பெரட்டுக்களத்தில் செல்லாது. 'இந்தக் கோட்டுக்குக் கீழே இந்த மாதம் உளி போகக்கூடாது' என்பது செல்லும்.

இரண்டாவது, செய்தி மேலிருந்து கீழே வருவது போலக் கீழிருந்தும் மேலே போக வேண்டும். ஜப்பானிய நிறுவனங்களில் 1960களில் வளர்ந்த ஹோஷின் கன்ரி என்ற முறை இத்தகையது. ரப்பரை மூலப்பொருளாகக் கொண்ட பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நிறுவனம் அதை வகுத்தவற்றுள் ஒன்று. மேலாளர் ஓர் இலக்கைச் சொல்வார். கீழே உள்ளவர் அதை எப்படிச் செய்ய முடியும், எது தடை என்று திருப்பிச் சொல்வார். பந்து எறிந்து பிடிப்பது போல இரு தரப்பும் உடன்படும் வரை இது நடக்கும். எந்த நிரையில் சரிவு மிகுதி, எந்த மரத்தில் பால் வற்றிவிட்டது என்பது அந்த நிரையில் நடப்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, அளவுகோல்கள் சிலவாக இருக்க வேண்டும்; ஆனால் ஒரு பக்கம் மட்டும் பார்ப்பவையாக இருக்கக்கூடாது. ராபர்ட் காப்லான், டேவிட் நார்ட்டன் ஆகியோர் 1992இல் ஹார்வர்ட் வணிக இதழில் வெளியிட்ட சமநிலை மதிப்பீட்டு அட்டை நான்கு கண்ணோட்டங்களைக் கொண்டது: நிதி, வாடிக்கையாளர், உள் செயல்முறை, கற்றலும் வளர்ச்சியும். பீடோங் வட்டாரத்திலும் ஹார்வர்ட் என்ற பெயரில் ஒரு தோட்டம் உண்டு என்பது கெடா மாணவர்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்க ஹார்வர்டின் அட்டையை நம் தோட்டத்துக்குப் பொருத்தினால் இப்படி அமையும்: இவ்வாண்டின் இலாபம், ஆலை ஏற்கும் தரம், பட்டைச் செலவும் மறுநடவு ஏக்கரும், புதிய தொழிலாளிக்கு அளித்த பயிற்சி. நான்கில் முதலாவது மட்டும் உயர்ந்து மூன்றாவது சரிந்தால், அந்த இலாபம் நாளைய மரத்திலிருந்து கடன் வாங்கியது என்று உடனே புரிந்துவிடும்.

நான்காவது, கூலியும் பாராட்டும் வியூகத்தோடு பொருந்த வேண்டும். மற்ற மூன்றும் இருந்து இது மட்டும் இல்லாவிட்டால் பயனில்லை.

7. தோட்டத்துக்கு வெளியே

1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிற்கும், சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவுக்கும் இதே பாடம் பொருந்தும். 'தரமே முதன்மை' என்று பலகை தொங்கும் தொழிற்சாலையில் ஒரு மணிக்கு எத்தனை உருப்படி என்பது மட்டுமே திரையில் ஓடினால், தொழிலாளி திரையைத்தான் நம்புவார். 'நிரந்தர வாடிக்கையாளரே நம் செல்வம்' என்னும் முதலாளி, மாலையில் கல்லாவில் ஒரு வெள்ளி குறைந்ததற்குப் பையனைத் திட்டினால், மறுநாள் கெட்டுப்போன பொருளை மாற்றித் தர அந்தப் பையன் மறுத்துவிடுவான். முதலாளியின் வியூகம் அந்தக் கல்லாவிலேயே முடிந்துவிடுகிறது.

8. உடைமையாளர் யார், உழைப்பவர் யார்?

மீண்டும் 1961க்குத் திரும்புவோம். அன்றைய கூட்டுறவு முயற்சியின் தனிச்சிறப்பு, உடைமையாளரும் உழைப்பவரும் ஒருவரே என்ற எண்ணம். மரத்தைக் காக்க வேண்டும் என்று அவருக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லத் தேவையில்லை; அது அவருடைய மரம். வியூகமும் செயலாக்கமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் வாய்ப்பு அது.

அறுபது ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. பத்து வெள்ளி கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நாட்டின் தோட்டங்களில் இன்று பெரும்பகுதி வேலையைச் செய்பவர்கள் வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சில ஆண்டுகளில் ஊர் திரும்பப் போகிறவருக்கு இருபது ஆண்டு கழித்து மரம் எப்படி இருக்கும் என்பது கவலை ஆக முடியாது. அது அவர் குற்றமும் அன்று. ஆகவே முன்பு உரிமையுணர்வு செய்த வேலையை இன்று பயிற்சியும் நியாயமான கூலியும் மேற்பார்வையும் செய்ய வேண்டியுள்ளது.

மறுபக்கம், உடைமை நம்மிடம் வந்திருக்கிறது. தாத்தாவின் பெயரில் இருந்த பங்குச் சான்றிதழ் பல வீடுகளில் அலமாரிக்குள் கிடக்கிறது. பங்கு இருந்தும் ஆண்டுக்கூட்டத்துக்குப் போகாத, கணக்கறிக்கையைப் பிரித்துப் பார்க்காத பட்டதாரி, பெரட்டுக்கு வராத தொழிலாளியைப் போன்றவர். இலாப ஈவு எவ்வளவு என்று கேட்பதோடு, இவ்வாண்டு எத்தனை ஏக்கர் மறுநடவு ஆனது என்றும் கேட்கக் கற்றவர்கள் நாம். படிக்காத பாட்டன் பத்து வெள்ளியால் செய்ததைப் படித்த பேரன் ஒரு கேள்வியால் தொடரலாம்.

முடிவுரை

வியூகம் என்பது உயர்ந்த அறையில் எழுதப்படும் ஆவணம் என்ற எண்ணத்தைக் கெடாவின் தோட்டங்கள் மாற்றிவிடுகின்றன. அது வரவு செலவுத் திட்டத்தில் மறுநடவாகவும், தண்டலின் வாயில் ஒரு வாக்கியமாகவும், தராசில் கூலியாகவும், பட்டையில் அரை மில்லிமீட்டராகவும் இருக்கிறது. இந்த நான்கு இடங்களில் ஓரிடத்தில் அறுந்தாலும் தொடர்பு அறுந்துவிடும். ஒரு நிறுவனத்தை ஆராயப் புகும் மாணவர் முதலில் அதன் தலைவரின் உரையைப் படிக்கட்டும். பிறகு அங்கே மிகக் குறைந்த சம்பளம் பெறுபவரிடம், 'உங்களை எதை வைத்து அளக்கிறார்கள்?' என்று கேட்கட்டும். இரண்டு விடைகளும் பொருந்தினால் அது நன்கு நடக்கும் நிறுவனம்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தார் வேலை செய்த தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ கூலி எதற்காகக் கொடுக்கப்பட்டது? அது அந்நிறுவனத்தின் நோக்கத்தோடு பொருந்தியதா?

2. 3,000 ஏக்கர்த் தோட்டம் ரப்பரிலிருந்து, 25 ஆண்டுச் சுழற்சியும் 3 ஆண்டு இளம்பருவமும் கொண்ட செம்பனைக்கு முழுமையாக மாறினால், ஆண்டுதோறும் எத்தனை ஏக்கர் மறுநடவு தேவை? வருமானம் தராத பரப்பு எவ்வளவாகும்?

3. உங்கள் தமிழ்க் கழகத்தின் நோக்கத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். கடந்த ஆண்டின் செலவுக் கணக்கில் அந்த வாக்கியத்துக்கு எத்தனை வெள்ளி போயிற்று?